பிரேதம் யார் கையில்? குடும்பத்தில் தகராறு வந்தால் மட்டக்களப்பு, அம்பாறையில் செய்ய வேண்டியவை

என் சின்ன மாமா மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து ஐந்தாம் நாள்தான் மண்ணுக்குப் போனார். அந்த ஐந்து நாளும் அவர் பிரேத அறைக் குளிரில் கிடந்தார். வெளியே நாங்கள் மூன்று பக்கமாகப் பிரிந்து நின்றோம். பதிவுத் திருமணம் செய்து, பதினாறு வருடமாகப் பிரிந்திருந்த வாழைச்சேனை மாமி ஒரு பக்கம். பதிவு இல்லாமல் பதினொரு வருடம் அவரோடு குடும்பம் நடத்திய ஆரையம்பதி மாமி இன்னொரு பக்கம். திருக்கோவிலில் தாய் தகப்பனுக்குப் பக்கத்தில்தான் அடக்க வேண்டும் என்று என் அம்மாவும் பெரியம்மாவும் மூன்றாவது பக்கம். ஓடித் திரிந்தது நானும் என் தம்பியும்.

எந்தக் கதவைத் தட்டுவது, எந்தக் கடதாசி கேட்பார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் இரண்டாம் நாளே முடிந்திருக்கும். இதே நிலையில் நிற்கிற உங்களுக்காக, நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் எந்த இடத்தில் நேரம் வீணாகிறது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள்.

1. இது எந்த வகை மரணம் என்று முதலில் கேளுங்கள்

பிரேதத்தை ஒப்படைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது மரணத்தின் வகையைப் பொறுத்தது. இதைத் தெரியாமல் நாங்கள் முதல் நாள் முழுக்க வார்டு தாதியோடு வாதாடிக்கொண்டிருந்தோம். அவர் கையில் ஒன்றுமே இல்லை.

வீட்டில் முதுமையால், நோயால் இறந்திருந்தால் கிராம உத்தியோகத்தரின் மரண அறிக்கையை எடுத்துக்கொண்டு பிறப்பு, இறப்புப் பதிவாளரிடம் போக வேண்டும். பிரேதம் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டார் கையில்தான் நடைமுறையில் எல்லாம் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் சிகிச்சையின்போது இறந்து, காரணமும் தெரிந்திருந்தால், வைத்தியர் மரணத்துக்கான காரணத்தை எழுதிக் கொடுப்பார். ஆஸ்பத்திரி நிர்வாகம் உறவினரிடம் ஒப்படைக்கும்.

விபத்து, தற்கொலை, மிருகம் தாக்கியது, திடீர் மரணம், காரணம் தெரியாத மரணம் என்றால் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார். பொலிஸ் அறிக்கை, தேவைப்பட்டால் சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை, அதன் பிறகு அவருடைய கட்டளையில்தான் பிரேதம் வெளியே வரும். பொலிஸ் காவலிலோ சிறையிலோ இறந்தால் நீதவானே விசாரிப்பார். குடும்பத்துக்குள் தகராறு இருக்கிறது என்று தெரிந்தால் மரண விசாரணை அதிகாரி தானாக முடிவெடுக்காமல் நீதவானுக்கு அனுப்புவதும் உண்டு. எங்களுக்கு அதுதான் நடந்தது.

2. ஒப்படைக்கும் மேசைக்குப் போய்ப் பெயரைக் கொடுங்கள்

பிரேத அறையில் நீளமான பதிவுப் புத்தகம் ஒன்று இருந்தது. நீலப் பேனை ஒன்றை நூலால் அதில் கட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ‘பெற்றுக்கொண்டவர்’ என்று ஒரு கட்டம். மாமாவின் வரியில் அந்தக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. அவருக்குப் பிறகு இறந்த மூன்று பேரின் கட்டங்களும் அதற்குக் கீழே நிரம்பிவிட்டன. தம்பி அதைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதான்.

அந்தக் கட்டத்தில் ஒருவர் ஒப்பம் வைத்துப் பிரேதத்தை எடுத்துவிட்டால் உங்கள் நிலை பாதிக்கு மேல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடக்கம் முடிந்தபின் முற்றாகப் போய்விட்டது. அதனால் முதல் சில மணித்தியாலத்துக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது. முறை மாறியதும் அடுத்து வரும் ஊழியருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது.

கடிதம் அரைப் பக்கம் போதும். இறந்தவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், இறந்த திகதி, உங்கள் உறவுமுறை, ‘பிரேதம் யாரிடம் ஒப்படைக்கப்படுவது என்பதில் குடும்பத்துக்குள் இணக்கம் இல்லை, இணக்கமோ நீதிமன்றக் கட்டளையோ வரும்வரை ஒப்படைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்’ என்ற வசனம், தொலைபேசி இலக்கம், ஒப்பம். அவ்வளவுதான். மாமியின் பழைய குற்றங்களையெல்லாம் அதில் எழுதாதீர்கள். நாங்கள் எழுதினோம். பிறகு நீதவான் முன்னிலையில் அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது என் அம்மா தலை குனிந்து நின்றார்.

மூன்று பிரதி எடுங்கள். ஒன்று ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு, ஒன்று பொலிஸுக்கு, அல்லது மரண விசாரணை அதிகாரிக்கு. மூன்றாவதில் பெற்றுக்கொண்டதாகத் திகதியும் நேரமும் போட்டு ஒப்பம் வாங்கி உங்களிடம் வைத்திருங்கள். நேரம் முக்கியம், கேட்டு வாங்குங்கள்.

3. ஃபைலைக் கட்டுங்கள்

செத்தவீட்டு அலறலுக்குள் கடதாசி தேடுவது கொடுமைதான். ஆனால் அழாமல் இருக்கக்கூடிய ஒருவரை இதற்கென்று ஒதுக்குங்கள். தேவைப்படுபவை இவை:

– இறந்தவரின் அடையாள அட்டை. இரண்டு பக்கமும் போட்டோ கொப்பி எடுத்து வையுங்கள். மூலப் பிரதியை மரணப் பதிவின்போது கேட்பார்கள்.
– உங்கள் உறவைக் காட்டும் அத்தாட்சிப் பத்திரங்கள். மனைவி, கணவன் என்றால் விவாகப் பதிவு. பிள்ளை என்றால் தகப்பன் பெயருள்ள பிறப்புப் பதிவு. சகோதரர் என்றால் இருவருடைய பிறப்புப் பதிவும். தாய் தகப்பன் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.
– விவாகரத்து ஆகியிருந்தால் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பின் பிரதி.
– கடைசியாக எங்கே, யாரோடு வாழ்ந்தார் என்பதற்குச் சான்று: கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ள பக்கம், கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரியில் ‘நெருங்கிய உறவினர்’ என்று எழுதப்பட்ட பெயர்.
– அடக்கம் பற்றி அவர் எழுதியோ சொல்லியோ வைத்தது எதுவானாலும். மரணசாதனம் (உயில்), கடிதம், குரல் பதிவு.

கிளினிக் கொப்பியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆரையம்பதி மாமியிடம் விவாகப் பதிவு இல்லை, காணி உறுதியில் பெயர் இல்லை. ஆனால் மாமாவின் நீரிழிவுக் கிளினிக் கொப்பி ஏழு வருடத்துக்கு அவர் கையில் இருந்தது. ஒவ்வொரு மாதமும் கூட்டிப்போனது அவர்தான் என்பதை அந்தக் கொப்பி சொல்லிற்று.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிரிந்து வாழ்வது விவாகரத்து ஆகாது. பதினாறு வருடம் பேசாமல் இருந்தாலும் நீதிமன்றத் தீர்ப்பு இல்லையென்றால் சட்டப்படி அவர் மனைவிதான். மறுபக்கம், பதிவில்லாமல் நீண்டகாலம் கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தால் திருமணம் நடந்ததாக நீதிமன்றம் ஊகிக்க இடமுண்டு. ஆனால் முந்திய பதிவுத் திருமணம் இரத்தாகாமல் கிடந்தால் அந்த வாதம் நிற்காது. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து, பதிவே செய்யாமல் வாழத் தொடங்கிய குடும்பங்கள் நம் இரண்டு மாவட்டத்திலும் நிறைய. இன்னும் பதியாதவர்கள் இந்த வாரமே போய்ப் பதியுங்கள்.

மாவட்ட எல்லையிலும் கவனம் வேண்டும். மரணம் எந்த இடத்தில் நடந்ததோ அந்தப் பிரிவின் பதிவாளரிடம்தான் பதிவு. இறந்தவரின் சொந்த ஊர் இதில் கணக்கில் வராது. பெரியநீலாவணை அம்பாறை மாவட்டம், பக்கத்திலேயே இருக்கும் துறைநீலாவணை மட்டக்களப்பு மாவட்டம். பெரியநீலாவணைக்காரர் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு மட்டக்களப்பில். எந்த நீதிமன்றம் என்பதும் பெரும்பாலும் பிரேதம் இருக்கும் இடத்தை வைத்தே வரும்.

4. வாக்குமூலம் கொடுக்கும்போது

மரண விசாரணையில் பிரேதத்தை அடையாளம் காட்டுபவரும், கடைசியாக அவரை உயிரோடு கண்டவரும் வாக்குமூலம் கொடுப்பார்கள். ‘நீங்கள் அவருக்கு யார்?’ என்ற கேள்விக்குச் சரியான பதிலை மட்டும் சொல்லுங்கள். பதிவில்லாத துணை ‘மனைவி’ என்று சொல்லி, மற்றப் பக்கம் விவாகப் பதிவைக் காட்டினால், அவர் சொல்லும் மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்குள் போய்விடும். ‘பதினொரு வருடமாக ஒன்றாக வாழ்கிறோம், பதியவில்லை’ என்று ஆரையம்பதி மாமி நேராகச் சொன்னார். அந்த ஒரு வசனம் அவருக்குக் கடைசிவரை துணை நின்றது.

அம்பாறை நகரப் பக்கம் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படலாம். தமிழில் எழுதித் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. முடியாது என்றால் வாசித்து, தமிழில் விளங்கப்படுத்திய பிறகே ஒப்பம் வையுங்கள். விளங்காத கடதாசியில் துக்கத்தோடு துக்கமாக ஒப்பம் போட்டுவிடாதீர்கள்.

பிரேத பரிசோதனை அரச ஆஸ்பத்திரியில் இலவசம். அதற்கென்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். பரிசோதனையே வேண்டாம் என்று மறிப்பதும் பயன் தராது. காரணம் தெரியாத மரணத்தில் அதைத் தீர்மானிப்பது குடும்பம் இல்லை. மறித்து நின்ற நேரமெல்லாம் உங்கள் கணக்கில்தான் சேரும்.

5. பேச்சுவார்த்தை: ஒரு கொப்பித்தாளில் முடியக்கூடியது

நீதிமன்றத்துக்கு முன் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசுங்கள். எனக்குத் தெரிந்தவரை முக்கால்வாசித் தகராறு பிரேதத்தைப் பற்றியதே இல்லை. ‘கொள்ளி வைப்பவனுக்கே காணி’ என்ற பயம்தான் அடியில் கிடக்கும்.

அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்குப் பொருந்தாது. மரணசாதனம் இல்லாதவரின் சொத்து 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி பிரியும்: பாதி உயிரோடுள்ள கணவன் அல்லது மனைவிக்கு, மறு பாதி பிள்ளைகளுக்கு. யார் பெட்டி வாங்கினார், யார் கொள்ளி வைத்தார், யார் வீட்டு முற்றத்தில் பிரேதம் கிடந்தது என்பதெல்லாம் அதில் ஒரு சதம்கூட மாற்றாது. முஸ்லிம் குடும்பங்களுக்கு அவர்களுடைய வாரிசுச் சட்டம். அங்கேயும் ஜனாஸாவை எடுத்தவருக்கு மேலதிகப் பங்கு கிடையாது.

இன்னொரு காரணம் நம் பக்கத்து வழக்கம். ஆண் கலியாணம் முடித்து மனைவியின் சீதன வீட்டுக்குப் போகிறான். செத்தவீடும் பெரும்பாலும் அந்த வீட்டில்தான். அவன் பிறந்த குடியாருக்கோ, தங்கள் பிள்ளையை வேறு ஊர் மண்ணில் விட்டுவிட்டுப் போகிறோம் என்ற தவிப்பு. அந்தத் தவிப்பு நியாயமானது. அதற்கு இடம் கொடுக்கிற ஒரு ஒழுங்கைத்தான் தேட வேண்டும்.

எங்களுடைய ஒழுங்கு நாலாம் நாள் பின்னேரம் ஒரு கிராம உத்தியோகத்தரின் வீட்டு விறாந்தையில் எழுதப்பட்டது. அவருடைய மகளின் பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த ஒரு தாள். காலை 7 மணிக்குப் பிரேதத்தைப் பெறுவது. 8 மணி முதல் 11 மணி வரை ஆரையம்பதி வீட்டில் வைப்பது. பிறகு திருக்கோவிலுக்குக் கொண்டுபோய், அம்மா வீட்டில் கிரியை, வாழைச்சேனை மாமியின் மகன் கடமை செய்வது, பின்னேரம் அடக்கம். எட்டுச் செலவு திருக்கோவிலில், முப்பத்தொன்று அவரவர் விரும்பிய இடத்தில். கடைசி வசனம்தான் எல்லோரையும் ஒப்பம் வைக்கச் செய்தது: ‘பிரேதத்தைப் பெற்றுக்கொள்வதோ கிரியை செய்வதோ எவருடைய சொத்துரிமையையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டாது.’ அதை வாசித்ததும் வாழைச்சேனை மாமியின் தம்பி, ‘இதைத்தானே நாங்க முதல் நாளே கேட்டோம்’ என்றார். நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரே ஒருவர் பேசட்டும். குடித்திருப்பவரையும் ஃபோனில் இருப்பவரையும் அந்த இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். கிராம உத்தியோகத்தர், கோயில் வண்ணக்கர், பங்குத் தந்தை, பள்ளிவாசல் நிர்வாகம் என்று இரு பக்கமும் மதிக்கும் ஒருவர் நடுவில் இருக்க வேண்டும். ஆனால் இவர்கள் யாருக்கும் பிரேதத்தை இன்னாருக்கென்று தீர்ப்புச் சொல்லும் சட்ட அதிகாரம் இல்லை. முஸ்லிம்களுக்கான காதி நீதிமன்றமும் திருமணம், விவாகரத்து, தாபரிப்பு பார்ப்பதற்கே. மத்தியஸ்த சபை என்று சொல்லி யாராவது அனுப்பினால் போகாதீர்கள். அது கடன், எல்லைத் தகராறு போன்றவற்றுக்கு நல்ல இடம், ஆனால் அதற்குத் தவணை வரும்வரை பிரேதம் காத்திருக்காது.

6. பொலிஸ் என்ன செய்யும், என்ன செய்யாது

கைகலப்பு வரும் என்ற பயம் இருந்தால் முறைப்பாடு போட்டு இலக்கத்தை வாங்கி வையுங்கள். அவசரமென்றால் 119. சமாதானக் குலைவு ஏற்படும் என்று பொலிஸ் நினைத்தால் இரு பகுதியையும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 81 ஆம் பிரிவில் நீதவான் முன் கொண்டுபோய்ப் பிணையில் கட்டலாம். அது உங்களை அடக்கி வைக்கும். பிரேதம் யாருக்கு என்பதை அது தீர்க்காது. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் போய் ‘நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்’ என்று கேட்பதால் ஒரு பகல்தான் போகும். ‘நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். அதை அவர்களால் செய்ய முடியும்.

7. நீதிமன்றம்

இலங்கையில் மனைவி முதலில், பிள்ளை இரண்டாவது, சகோதரம் மூன்றாவது என்று பிரேதத்துக்கு வரிசை போட்டுத் தரும் பொதுவான சட்டம் ஒன்று இல்லை. பிரேதம் காணி, வாகனம் போன்ற சொத்தும் இல்லை. ஆகவே நீதிமன்றம் நியாயத்தைப் பார்க்கிறது. இறந்தவர் என்ன விரும்பினார், யாரோடு வாழ்ந்தார், யார் பராமரித்தார், சட்டப்படியான உறவு எது, எந்தச் சமயத்தில் வாழ்ந்தார், எவ்வளவு சீக்கிரம் கௌரவமாக அடக்க முடியும். எங்களை நீதவான் கேட்டவை மூன்றே கேள்விகள். கடைசி இரண்டு வருடம் எங்கே சாப்பிட்டார்? ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுவந்தார்? எங்கே அடக்க வேண்டும் என்று யாரிடமாவது சொன்னாரா? பிறகு, அடுத்த நாள் காலைவரை நேரம் தருகிறேன், பேசி முடித்துக்கொண்டு வாருங்கள் என்றார். கொப்பித்தாள் ஒழுங்கு வந்தது அன்று பின்னேரம்தான்.

விபத்து, திடீர் மரணம் என்றால் வழி நீதவான் நீதிமன்றம். விசாரணை ஏற்கெனவே நடப்பதால் உங்கள் சட்டத்தரணி அங்கே ஆஜராகி உங்கள் பக்கத்தைச் சொல்லலாம். வார இறுதியிலும் அவசர விடயத்துக்கு நீதவானையோ பதில் நீதவானையோ அணுக முடியும்.

இயற்கை மரணம், பொலிஸ் சம்பந்தமே இல்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்கு. எதிர்ப்பக்கம் பிரேதத்தை எடுத்து அடக்காமல் இருக்கத் தடையுத்தரவு கேட்க வேண்டும். அவசரமென்றால் மறு பக்கத்துக்கு அறிவிக்காமலே முதலில் 14 நாளுக்கு மேற்படாத தடையுத்தரவு கொடுக்க நீதிமன்றத்தால் முடியும். இதற்குச் சத்தியக்கடதாசி தேவை. அதிலே தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். கேள்விப்பட்டதை, கேள்விப்பட்டேன் என்றே எழுதுங்கள். மாவட்ட நீதிமன்றம் சனி, ஞாயிறு, போயா நாட்களில் இல்லை. வெள்ளி பகல் பன்னிரண்டு மணிக்குள் மனு உள்ளே போகாவிட்டால் திங்கள்தான் என்று வைத்துக்கொண்டு ஓடுங்கள்.

சட்டத்தரணியைப் பிடிக்கும்போது ‘சிவில் செய்பவரா?’ என்று கேளுங்கள். காணி உறுதி முடிக்கும் நொத்தாரிசு எல்லோரும் தடையுத்தரவு மனு எழுதுவதில்லை. 2023 இல் நாங்கள் இரண்டு நாள் ஆஜராவதற்கும் சத்தியக்கடதாசிக்குமாக 40,000 ரூபாய் கொடுத்தோம். முழுச் சிவில் வழக்கு அதைவிடப் பல மடங்கு போகும், ஆரம்பத்திலேயே மொத்தத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். வருமானத்தைப் பார்த்து இலவசமாக ஆஜராவார்கள். கிராம உத்தியோகத்தரின் வருமான உறுதிப்படுத்தலைக் கையோடு கொண்டுபோனால் ஒரு நாள் மிச்சம்.

8. சமயம் மாறியிருந்தால்

கிறிஸ்தவ சபைக்குப் போனவரைச் சைவ முறையில் அடக்கப் பிறந்த வீட்டார் கேட்பதும், இஸ்லாத்தைத் தழுவியவரின் ஜனாஸாவை மையவாடிக்குக் கொண்டுபோக விடாமல் தாய் வீட்டார் மறிப்பதும் நம் பகுதியில் ஊருக்கு ஊர் மோதலாக மாறக்கூடிய விடயங்கள். இதை வீதியில் பேசவே வேண்டாம். ஞானஸ்நானப் பதிவு, நிக்காஹ் பதிவு, பள்ளிவாசலின் கடிதம், மாற்றிய பெயரில் உள்ள அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு நேரே நீதிமன்றம். முக நூலில் ஒரு வரிகூடப் போட வேண்டாம் என்று வீட்டு இளைஞர்களிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

விரும்பிய முறையில் அடக்க முடியாமல் போவது எப்படிப்பட்ட வலி என்பது நம் மாவட்டங்களுக்குத் தெரியும். கொரோனாக் காலத்தில் 2021 பெப்ரவரி கடைசிவரை அந்த நோயால் இறந்த எல்லோருடைய உடல்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. பிறகு நாடு முழுவதிலுமிருந்து வந்த உடல்கள் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கப்பட்டன. அந்தத் தாய்மாரின் முகங்களை நினைத்துக்கொண்டு, மறு பக்கத்தின் சமயக் கடமைக்கு அரை மணித்தியாலமாவது இடம் விடுங்கள்.

தகனமா அடக்கமா என்பதில் இழுபறி இருந்தால், நீதிமன்றம் சொல்லும்வரை தகனத்துக்கு யாரும் போகக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். நம் பக்கத்தில் சைவர்களும் பெருமளவு அடக்கமே செய்வதால் இது சுலபமாக இணங்கக்கூடிய இடம்.

9. நாள் போகப் போகச் செலவு

குளிரறையில் இடம் எப்போதும் இருக்கும் என்று நம்பாதீர்கள். பிரேத பரிசோதனை முடிந்த உடல் சீக்கிரம் கெடும். மலர்ச்சாலையில் பதனிடுவதென்றாலும் ஒப்படைக்கும் கட்டளை முதலில் தேவை. எங்களுக்குப் பதனிட 30,000, பெட்டி 65,000, மட்டக்களப்பிலிருந்து திருக்கோவிலுக்கு 70 கிலோமீற்றருக்கு மேல் வாகனம் 25,000. பந்தல், சாப்பாடு தனி. தகராறு நடந்த நாட்களில் மூன்று வீட்டிலும் மூன்று பந்தல் நின்றது. அந்தக் காசை மாமாவின் கடைசி மகளின் படிப்புக்கு வைத்திருக்கலாம் என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

செலவு செய்தவர் பற்றுச்சீட்டுகளை வையுங்கள். நியாயமான மரணச் செலவை இறந்தவரின் சொத்திலிருந்து பின்னர் கேட்க முடியும்.

மயானத்துக்கு உள்ளூராட்சி சபையின் அல்லது மயானத்தைப் பார்க்கும் சங்கத்தின் அனுமதி வேண்டும். வேறு ஊர்க்காரரை அடக்குவதானால் முதல் நாளே கேளுங்கள். குழி வெட்டிய பிறகு மறிப்பு வந்த கதைகள் உண்டு.

10. மண் போட்ட பிறகு

‘பிறகு தோண்டி எடுத்துக்கொள்ளலாம்’ என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். மரணத்தின் காரணத்தில் சந்தேகம் இருந்தால் நீதவான் தோண்டி எடுக்கக் கட்டளையிடலாம். குடும்பத்துக்குள் இடம் பிடிக்கவில்லை என்பதற்காக அந்தக் கட்டளை கிடைக்காது. கட்டளை இல்லாமல் கைவைத்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 292 ஆம் பிரிவில் குற்றம்.

மரணப் பதிவைத் தகராறு பாதிக்கக்கூடாது. பிரேதம் யாருக்குப் போனாலும் பதிவை உரிய காலத்தில் செய்யுங்கள். மூன்று மாதம் தாண்டினால் சத்தியக்கடதாசி, மாவட்டப் பதிவாளர் என்று இழுக்கும். பெயர் அடையாள அட்டையிலும் பிறப்புப் பதிவிலும் உள்ளபடியே வர வேண்டும். ஊழியர் சேமலாப நிதி, வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் எல்லாமே அந்த ஒரு கடதாசியில் தொங்குகின்றன. ஐந்தாறு பிரதி ஒன்றாக எடுத்து, மற்றப் பக்கத்துக்கும் ஒன்று கொடுங்கள். நாங்கள் வாழைச்சேனை மாமிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் அவர் எங்களுக்கு முதன்முதலாகத் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

11. வெளிநாட்டில் இறந்தாலும், வெளிநாட்டில் பிள்ளை இருந்தாலும்

மத்திய கிழக்கில் வேலை செய்தவர் இறந்தால் உடலைக் கொண்டுவருவதா, அங்கேயே அடக்குவதா என்று நெருங்கிய உறவினரின் எழுத்துச் சம்மதம் கேட்பார்கள். கணவன் ஒன்று, தாய் ஒன்று என்று இரண்டு கடிதம் போனால் அங்கே மாதக்கணக்கில் கிடக்கும். கொழும்பில் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கும், பதிவு செய்து போனவர் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும், ஒரே கடிதத்தில் எல்லோரும் ஒப்பம் வைத்து அனுப்புங்கள்.

லண்டனிலோ சுவிஸிலோ உள்ள பிள்ளை ‘நான் வரும்வரை வையுங்கள்’ என்றால், டிக்கெட் போட்ட திகதியைக் கேளுங்கள். திகதி இருந்தால் காத்திருக்கலாம். ஆட்சேபம் இருந்தால் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய கடிதம் வேண்டும். வட்ஸ்அப் குரலை வைத்து எந்த மேசையிலும் ஒன்றும் நடக்காது.

12. உயிரோடு இருக்கும்போது எழுதி வைப்பது

மரணசாதனம் நொத்தாரிசும் இரண்டு சாட்சியும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சி முன்னிலையில் ஒப்பமிட்டால் செல்லும். ஆனால் அதை அடக்கம் முடிந்த பிறகுதான் பெரும்பாலும் திறந்து பார்ப்பார்கள். அதனால் அடக்கம் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். எங்கே, எந்த முறையில், யார் பொறுப்பு. உடலை மருத்துவப் படிப்புக்குக் கொடுப்பதானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு சாட்சி ஒப்பத்தோடு பிரதிகளை மூன்று பேரிடம் கொடுங்கள். அதில் ஒருவராவது உங்களோடு தகராறுப்படக்கூடியவராக இருக்கட்டும்.

என் அம்மா போன தை மாதம் எழுதினார். ஆறு வரி. திருக்கோவில் மண், பறை மேளம் வேண்டாம், தம்பிதான் பொறுப்பு. ஒரு பிரதி என்னிடம், ஒன்று பெரியம்மாவிடம். மூன்றாவதை ஆரையம்பதி மாமியிடம் கொடுத்துவிட்டு வந்தார்.